பெட்டியைப் பிரிக்கும் முன் எங்களிடம் கையெழுத்து வாங்காதீர்கள்

வீட்டுச் சாதனங்கள் விற்கும் கடைக்காரர்களுக்கும், அவற்றைத் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும், ஏற்றி இறக்கும் போக்குவரத்து நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

நான் பாளையங்கோட்டைக்காரி. 32 ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஒரு கடை, ஒரு கம்பெனி, ஒரு போக்குவரத்து நிறுவனம் என்று உங்களில் மூவரிடம் நான்கு மாதங்களாக நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மூவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாம் 'இது நம்மைப் பற்றியது இல்லை' என்று நகர்ந்துவிடுவீர்கள். என் வீட்டில் நடந்ததை அக்கம்பக்கத்தில் சொன்னபோது, வாஷிங் மெஷினில் எங்களுக்கும் இப்படித்தான், டிவியில் எங்களுக்கும் இப்படித்தான் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வாங்கியது ஒரு ஃப்ரீசர். மேலே மூடி வைத்த, பெட்டி போன்ற 100 லிட்டர் ஃப்ரீசர். விலை 17,400 ரூபாய். சீட்டு எடுத்த பணம். என் மகள் நாகர்கோவிலில் வேலை பார்க்கிறாள். பிள்ளைப்பேற்றுக்குச் சட்டப்படி கிடைக்கும் 26 வார விடுப்பு அப்போது முடியவிருந்தது. காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். பேரன் பகல் முழுவதும் என்னோடு. தாய்ப்பாலை எடுத்துத் தேதி எழுதிய பைகளில் உறைய வைத்தால் ஆறு மாதம் வரைகூட நன்றாக இருக்கும், ஆனால் மைனஸ் 18 டிகிரி குளிர் மாறாமல் இருக்க வேண்டும் என்று குழந்தை மருத்துவமனைச் செவிலியர் சொன்னார். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பழையது. அதன் மேல்தட்டில் வைக்கும் ஐஸ் கட்டியே நாளுக்கு இரண்டு முறை வியர்க்கும். ஆகவேதான் தனியாக ஒரு ஃப்ரீசர்.

கடையில் இருப்பு இல்லை, மதுரைக் கிடங்கிலிருந்து வரும் என்றார்கள். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்து, இரவு ஏழரை மணிக்கு மேல், 'குட்டி யானை' என்கிற சிறு சரக்கு வண்டி ஒன்று தெருமுனையில் வந்து நின்றது. எங்கள் தெரு குறுகல். உள்ளே வண்டி வராது. இரண்டு பையன்கள் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். வண்டியில் அந்தப் பெட்டி எப்படிக் கிடந்தது என்பதை நானே போய்ப் பார்த்தேன். படுத்துக் கிடந்தது. அதன் மேல் வேறு ஏதோ ஒரு பெட்டி. இரண்டையும் சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். அட்டையின் மேல் மேல்நோக்கிய இரண்டு அம்புக்குறிகளும், உடையும் பொருள் என்பதற்கான கண்ணாடிக் கிண்ணமும் கறுப்பு மையில் பளிச்சென்று இருந்தன. உலகம் முழுவதும் எந்த மொழிக்காரருக்கும் புரிய வேண்டும் என்று போடப்படும் குறிகள் அவை. மதுரையிலிருந்து இங்கே வரை 150 கிலோமீட்டர்; அந்த அம்புகள் வழியெல்லாம் பக்கவாட்டில் பார்த்தபடியே வந்திருக்கின்றன.

அந்தப் பையன்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருவருக்கும். அன்று இன்னும் நான்கு வீடுகள் பாக்கி, கடைசி வீடு வள்ளியூரில் என்றார்கள். மோர் கொடுத்தேன், நின்றபடியே குடித்தார்கள். "அம்மா, போனுக்கு நான்கு எண் வந்திருக்கும், சொல்லுங்கள்" என்று ஒருவன் கேட்டான். சொன்னேன். ஒரு தாளை நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். "பிரித்துப் பார்த்துவிட்டுப் போடட்டுமா தம்பி?" என்று கேட்டேன். "நீங்கள் பிரிக்கக் கூடாது அம்மா, கம்பெனி ஆள் வந்துதான் பிரிப்பார். நீங்கள் பிரித்தால் வாரண்டி போய்விடும்" என்றான். கடையிலும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பில்லோடு இணைத்திருந்த சீட்டிலும் அதையேதான் அச்சடித்திருக்கிறீர்கள்.

நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதை மறுநாள் வெளிச்சத்தில் என் பிரதியைப் படித்தபோதுதான் பார்த்தேன். 'பொருளை நல்ல நிலையில், சேதம் ஏதுமின்றிப் பெற்றுக்கொண்டேன்.' கீழே பொடி எழுத்தில்: 'சேதம் குறித்த புகார்களை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.'

கம்பெனி ஆள் நான்காம் நாள் வந்தார்.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்கிறீர்கள். பிரிக்காத பெட்டிக்குள் இருக்கும் பொருள் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதி வாங்குகிறீர்கள். பிரிக்க வரும் ஆளை நான்காம் நாள் அனுப்புகிறீர்கள். புகார் சொல்ல இரண்டு நாள் கெடு வைக்கிறீர்கள். இந்த நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் உங்களில் ஒருவர்கூடவா இல்லை? ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கணக்காகக் கொடுத்தால்கூட 'டீச்சர், இது வராதே' என்று சொல்லிவிடும்.

பெட்டியைப் பிரித்ததும் அடியில் இருந்த தெர்மாகோல் இரண்டு துண்டாக விழுந்தது. ஃப்ரீசரின் வலப்பக்கத்தில், பாதிக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிசல். வந்தவரும் பார்த்தார். "வெறும் பாடி டென்ட்தான் மேடம், ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லி மின்சாரம் கொடுத்தார். குளிர்ந்தது. நெளிசலைப் பற்றித் தன் வேலைச் சீட்டில் ஒரு வரி எழுதச் சொன்னேன். அதற்கு அதில் இடம் இல்லை என்றார். நானே படம் எடுத்து வைத்தேன். அன்று மாலையே கடைக்குப் போன் செய்தேன். "நீங்கள் நல்ல நிலையில் வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்பதுதான் முதல் பதில். அந்தப் பதிலை அதற்குப் பிறகு எத்தனை முறை, எத்தனை குரல்களில் கேட்டுவிட்டேன்.

19 நாள் ஓடியது. இருபதாம் நாள் காலையில் மகள் மூடியைத் திறந்தபோது உள்ளேயிருந்து குளிர்காற்று வரவில்லை. 41 பைகள். விடிகாலை நான்கு மணிக்கும், பிள்ளை தூங்கிய பின் இரவு பதினொரு மணிக்கும் எழுந்து உட்கார்ந்து அவள் சேர்த்தவை. எல்லாம் தண்ணீராகக் கிடந்தன. முழுக்க உருகிய தாய்ப்பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்து ஒரு நாளைக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரு நாளில் அந்தக் குழந்தை எவ்வளவு குடிக்கும்? ஐந்து பையோ ஆறு பையோ போக மீதியை, சாக்கடையில் ஊற்ற மனம் வராமல், கொல்லையில் செம்பருத்தியின் வேரில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போனாள். அந்த வாரம் வேலைக்குப் போன இடத்தில் அவளுக்குப் பால் சரியாகவே இறங்கவில்லை. ஃப்ரீசருக்குப் பில் இருக்கிறது. இதற்கு என்னிடம் பில் இல்லை என்பதால் இது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

எங்கள் தெருவில் 30 ஆண்டுகளாக ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. கழற்றினால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது அவருக்குத் தெரியும். பின்னால் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பூஜை விளக்கை அணைக்கச் சொன்னார். கம்ப்ரஸரில் கை வைத்தார்; கொதித்தது. பிறகு ஃப்ரீசரின் இரண்டு பக்கச் சுவர்களிலும் உள்ளங்கையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். "டீச்சர், இந்தச் சுவர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இல்லை. கேஸ் போய்விட்டது" என்றார்.

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பழைய ஃபிரிட்ஜ்களில் பின்பக்கம் கறுப்பாகக் கம்பி வலை போல இருக்குமே, உள்ளேயிருந்து எடுத்த சூட்டை வெளியே விடும் குழாய் அது. இப்படிப்பட்ட பெட்டி ஃப்ரீசர்களில் அந்தக் குழாய் வெளியே தெரியாது. பக்கச் சுவரின் மெல்லிய தகட்டுக்கு உள்பக்கம் ஒட்டியபடி வளைந்து வளைந்து ஓடும். அதற்கு உள்ளே நுரைப்பஞ்சு அடைத்திருக்கும். ஓடும்போது சுவர் சுடுவது அதனால்தான். ஆக, உங்கள் ஆள் 'வெறும் பாடி' என்று சொன்ன அந்தத் தகட்டுக்கும் ஃப்ரீசரின் உயிர்நாடிக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. தகடு நெளிந்தால் குழாயும் நெளியக்கூடும். நெளிந்த குழாய் அன்றைக்கே உடைய வேண்டும் என்பதில்லை. சூடேறி, ஆறி, கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் அதிர்ந்து, ஒரு நாள் தலைமயிர் அளவுக்குக் கீறலாம். குழாய்க்குள் ஓடிக் குளிர்ச்சி தரும் கேஸே சில பத்து கிராம்தான். அது கசிந்து முடிய எத்தனை நாள் வேண்டும்?

அந்தக் கேஸ் என்னவென்றும் தகட்டில் எழுதியிருந்தது: ஆர்600ஏ. ஐசோபியூட்டேன். சமையல் சிலிண்டரில் இருப்பதன் நெருங்கிய சொந்தம், தீப்பற்றக் கூடியது. ஓசோனைக் கெடுக்காது, மின்சாரமும் குறைவாகப் பிடிக்கும் என்பதால் இப்போது பலவற்றிலும் இதுதான். நல்ல மாற்றம், நான் குறை சொல்லவில்லை. அளவு குறைவு என்பதால் பெரிதாகப் பயப்படவும் வேண்டாம் என்று அண்ணாச்சியே சொன்னார். ஆனால் பக்கச் சுவர் நெளிந்த ஒரு பெட்டியை, குழந்தை தூங்கும் அறைக்குப் பக்கத்தில் வைத்து, 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லிவிட்டுப் போக உங்கள் ஆளுக்கு எப்படி மனம் வந்தது? அல்லது அவருக்கு இதை யாருமே சொல்லிக் கொடுக்கவில்லையா? இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் பொறுப்பு உங்களுடையது.

படுக்க வைத்து ஏற்றி வந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். கம்ப்ரஸர் உள்ளே ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும், அடியில் எண்ணெய் நிற்கும். படுக்க வைத்தால் எண்ணெய் குழாய்க்குள் இறங்கிவிடும், நிமிர்த்திச் சில மணி நேரமாவது விட்ட பிறகே ஓட்ட வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் நான்கு நாள் நிமிர்ந்தே நின்றதால் அந்த ஆபத்து இல்லை. நல்லவேளை நீங்கள் ஆளை உடனே அனுப்பவில்லை என்று சொல்ல வேண்டிய நிலையில் என்னை வைத்திருக்கிறீர்கள்.

பழைய குழாயை அப்படியே துண்டித்துவிட்டு, பின்பக்கம் வெளியே புதிதாக ஒன்று மாட்டி ஓட்ட முடியுமாம். செய்து கொடுக்க அவர் தயார். ஆனால் அதோடு உங்கள் வாரண்டி போய்விடும். ஒரு மாதம்கூட ஆகாத பொருளை நான் ஏன் அறுத்துப் பார்க்க வேண்டும்?

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அது மனப்பாடம். கம்பெனி: வெளிச்சேதம் வாரண்டியில் வராது, கடையைக் கேளுங்கள். கடை: நாங்கள் நல்ல பொருளைத்தான் ஏற்றினோம், லாரிக்காரரைக் கேளுங்கள். லாரி நிறுவனம்: எங்கள் ஒப்பந்தம் கடையோடு, உங்களோடு இல்லை, மேலும் கையெழுத்து இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். கம்பெனியின் பதில் மட்டும் மாறவில்லை.

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதன் 41ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: வாங்குபவர் முன்பே பார்த்து ஆராயாத ஒரு பொருள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டால், அதை ஆராய நியாயமான வாய்ப்பு அவருக்குக் கிடைக்கும் வரை, அவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட மாட்டார். ஃப்ரீசர் நம் வீடுகளுக்கு வராத காலத்தில், வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதியதற்கே இவ்வளவு நியாயம் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது நான்காம் நாள். அன்று மாலையே சொல்லிவிட்டேன்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் படித்தேன். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலமே சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அது எழுதி வைத்திருக்கிறது. உங்கள் பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறீர்களே, எந்தத் துணிவில்? இணையத்தில் விற்பவர்களுக்கு 2020இல் தனி விதிகளே வந்துவிட்டன: புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. அந்த 48 மணி நேரம் விற்பவருக்கு வைத்த கெடு. அதை எடுத்து வாங்குபவரின் தலையில் வைத்திருக்கிறீர்கள்.

உங்களோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோய் அந்த நெளிந்த பொருளையே வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே வாதாடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கடை எங்கே இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகள் வரை காலம் உண்டு. அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். என் வீட்டு அட்டையின் வலப்பக்கத்தில் கயிறு அழுந்திய தடம் ஒன்று இருக்கிறது. ஃப்ரீசரின் மேல் அட்டையை மறுபடி கவிழ்த்துப் பார்த்தபோது, அந்தத் தடம் நெளிசலின் நேர்மேலே வந்து உட்கார்ந்தது. அதையும் படம் எடுத்து மனுவோடு கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பொருளை இறக்கியதும் எங்கள் முன்னாலேயே பெட்டியைப் பிரியுங்கள். நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்க்க எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்; அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்து அந்தப் பையன்களுக்குக் கூலி கொடுங்கள். ஒரு நாளுக்கு அவர்கள் தலையில் கட்டும் வீடுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். கையெழுத்தையும் ஓ.டி.பி.யையும் அதற்குப் பிறகு கேளுங்கள். கம்பெனி ஆள் வந்துதான் பிரிக்க வேண்டும் என்று இருந்தால், தாளில் 'பிரிக்கப்படாத பெட்டி ஒன்று பெற்றேன்' என்று மட்டும் அச்சடியுங்கள், உண்மை அவ்வளவுதான். புகாருக்கான காலத்தைப் பெட்டி பிரிந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். கேஸ் ஓடும் பொருள்களுக்கு இரண்டு நாள் போதாது, கசிவு தெரிய வாரங்கள்கூட ஆகலாம் என்று உங்கள் பொறியாளர்களே உங்களுக்குச் சொல்வார்கள், கேளுங்கள். சாய்த்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் ஒட்டுச்சீட்டுகள் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் பெட்டியில் அதில் ஒன்றை ஒட்டினால், வழியில் யார் படுக்க வைத்தார்கள் என்று நீங்கள் மூவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பக்கச் சுவரில் நெளிசலோடு வந்த பொருளை 'வெறும் டென்ட்' என்று சொல்ல உங்கள் ஆட்களுக்கு அனுமதி கொடுக்காதீர்கள். அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வாங்கியவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

மகள் இப்போது பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் நான்கு பைகள் மட்டும் வைத்துக்கொள்கிறாள். பேரனுக்குக் கூழும் பருப்புச் சோறும் பழக்கிவிட்டோம், வளர்கிறான். ஃப்ரீசரை வராந்தாவில் வைத்திருக்கிறேன், நெளிந்த பக்கம் தெருவைப் பார்க்கும்படி. மனு திருநெல்வேலி மாவட்ட ஆணையத்தில் இருக்கிறது. அது விசாரணைக்கு வரும் முன்பாகவே உங்களில் யாராவது வந்து பார்ப்பதானால், பகலில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அண்ணாச்சியையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். சுவரில் கையை வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.